ஆஃபா கரை நடைபாதை: தனியாகத் திட்டமிட யோசனை தேவை

கேள்வி:
வரும் மே மாதக் கடைசியில், இங்கிலாந்து-வேல்ஸ் எல்லையை ஒட்டிப் போகும் ஆஃபா கரை நடைபாதையில், தெற்கே செப்ஸ்டோ அருகே தொடங்கி வடக்கே பிரெஸ்டாட்டின் ஊர்க் கடற்கரை வரை 285 கி.மீ. தனியாக நடக்கலாம் என்றிருக்கிறேன். இரண்டு வாரம் போதுமா?

பதில் 1:
தாராளமாகப் போதும், பலர் 12 நாளில் முடிக்கிறார்கள். ஆனால் மே கடைசியில், வழியில் வரும் ஹே-ஆன்-வை (சுருக்கமாக ஹே) ஊரில் புத்தக விழா நடக்கும், அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. முதலில் அந்த ஊரில் இடம் பிடியுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

பாண்டி என்ற வேல்ஸ் சிற்றூரிலிருந்து ஹே வரை ஹாட்டெரல் மலைமுகட்டில் நீண்ட ஒரு நாள். உயரம் 700 மீட்டரைத் தொடும். வழியில் கடையும் இல்லை, ஒதுங்க இடமும் இல்லை. மூடுபனி இறங்கினால் போன் வரைபடத்தை மட்டும் நம்பாதீர்கள். காகித வரைபடமும் திசைகாட்டியும் கட்டாயம்.

பாதைக்குப் பெயர் தந்த பழைய மண்கரையைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால், நைட்டன் ஊருக்கு வடக்கே அவசரப்படாதீர்கள். எட்டாம் நூற்றாண்டில் மெர்சியா என்ற பழைய ஆங்கிலேய நாட்டை ஆண்ட அரசர் ஆஃபாவின் மண்கரை அங்கே முழு உருவில் நிற்கிறது, பள்ளம் வேல்ஸ் பக்கம். புல் மூடிய அந்தச் சரிவில் நிற்கும்போது, இத்தனை மண்ணை வெறும் கையால் வெட்டியிருக்கிறார்களே என்று மலைப்பாக இருக்கும்.

பதில் 2:
நேரம் போதாவிட்டால் நைட்டனோடு நிறுத்தலாம், அங்கே ரயில் நிலையம் உண்டு. ஹேயில் கிடையாது.

கேள்வி கேட்டவர்:
சரி, இன்றே ஹேயில் அறை தேடுகிறேன். நன்றி!