வாட்டுகளுக்குத் தரவரிசை போட்டதிலிருந்து ஒத்துழைப்பு இல்லை, வழி சொல்லுங்கள்

இடம்: மட்டக்களப்பு மாவட்டத்தில் ஓர் ஆதார வைத்தியசாலை. ஏழு மாதமாக ஐந்து வாட்டுகளின் தரவரிசை, சனம் போய்வரும் நடைபாதையில் மாதாமாதம் ஒட்டப்படுகிறது. படுக்கைப் புண், கை கழுவல், விழுதல் என மூன்று அளவீடு.

பிரச்சினை படுக்கைப் புண்ணில்தான். நோயாளரை வாட்டு மாற்றும்போது வால் எலும்புப் பக்கம் சிவந்திருந்தால் பி.எச்.ரி.யில் (நோயாளரின் சிகிச்சைக் குறிப்பேடு) எழுத இரு வாட்டும் தயங்குகின்றன. எழுதினால், அது யார் கணக்கு என்று வாக்குவாதம். விரலால் அழுத்தியும் வெளிறாத சிவப்பு முதலாம் நிலைப் புண். அப்போதே இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்தால் பெரும்பாலும் ஆறிவிடும். எழுதாமல் விட்டால் அடுத்த ஷிஃப்டுக்குத் தெரியாது, தோல் உரிந்த பிறகுதான் கண்ணில் படும். நியூயோர்க் மாநிலம் 1990களில் இதய சத்திரசிகிச்சை இறப்பு வீதங்களை வைத்தியர் வாரியாக வெளியிட்டபோதும், ஆபத்து கூடிய நோயாளரைத் தவிர்ப்பார்கள் என்ற கவலை எழுந்தது.

இதைச் சரிசெய்ய, தரவரிசையில் வாட்டுகளின் பெயரை எடுத்து இலக்கம் போட்டோம். ஐந்தே வாட்டு, எது எதுவென்று எல்லாருக்கும் தெரியும். 1000 கட்டில் நாளுக்கு (ஒரு நோயாளர் ஒரு நாள் தங்குவது ஒரு கட்டில் நாள்) எத்தனை புண் என்று கணக்கிட்டோம். மாதம் 300 கட்டில் நாள் உள்ள சின்ன வாட்டில் ஒரே புண் வீதத்தை 3.3 ஆக்கி, முதலிடத்திலிருந்து கடைசிக்குத் தள்ளுகிறது. இரு வாட்டுத் தாதியரும் சேர்ந்து தோலைப் பார்த்து ஒப்பமிடும் படிவம் பகலில் நன்றாக ஓடுகிறது. இரவில் வாட்டுக்கு ஒரு மிஸ்ஸி, விட்டுவிட்டு வர முடியாது.

தரவரிசையை எடுத்துவிட்டு, ஒவ்வொரு வாட்டும் தன் மாதாந்த வரைபை மட்டும் ஒட்டும் முறைக்கு மாறியவர்கள் எந்தத் தரவைக் காட்டி நிருவாகத்தைச் சம்மதிக்க வைத்தீர்கள்?