ஓட்டு வீட்டுச் சன்னலில் கரிமச் சூரிய மின்கலம் பொருத்தலாமா?

பொருநைக்கரை:
பாளையங்கோட்டையில் தாத்தா காலத்து ஓட்டு வீட்டில் குடியிருக்கிறோம். கைமரங்கள் சில செல்லரித்திருப்பதால், வழக்கமான சிலிக்கான் சூரியப் பலகைகளின் பாரத்தைக் கூரை தாங்காது என்று கொத்தனார் உறுதியாகச் சொல்லிவிட்டார். பட்டாசலின் மேற்குச் சுவரில் ஏறத்தாழ 2 சதுர மீட்டர் கண்ணாடிச் சன்னல் இருக்கிறது; சித்திரை, வைகாசியில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் அதன் கம்பியைத் தொட முடியாது. வெளிச்சத்தை உள்ளே விட்டுக்கொண்டே மின்சாரம் தரும் கரிமக் கலங்கள் (சிலிக்கானுக்குப் பதில் கார்பன் சேர்மங்களால் ஆனவை) வந்திருப்பதாகப் படித்தேன். அவற்றை நம்பி இறங்கலாமா?

பொதிகைச்சாரல்:
அண்ணாச்சி, நான் இத்துறையில் ஆய்வு மாணவன். நீங்கள் படித்தது உண்மைதான். 1986-இல் வேதியியலாளர் சிங் டாங் இரண்டு கரிமப் படலங்களை அடுக்கிச் செய்த கலம், தன்மேல் விழுந்த ஒளியில் ஏறத்தாழ 1 விழுக்காட்டையே மின்சாரமாக்கியது. கரிமப் பொருளில் ஒளி பட்டதும் எலெக்ட்ரானும் துளையும் (எலெக்ட்ரான் விட்டுச்சென்ற காலியிடம்) ஒட்டிய இணையாகவே பிறக்கின்றன. ஏறத்தாழ 10 நானோமீட்டருக்குள் எலெக்ட்ரானைத் தரும் கொடைப் பொருளும் அதை வாங்கும் ஏற்புப் பொருளும் சந்திக்கும் எல்லையை எட்டாவிட்டால் அந்த இணை வீணாகிவிடும். அதனால்தான் அரிசி மாவையும் உளுந்து மாவையும் கலப்பதுபோல இரண்டையும் ஒரே கரைசலாக்கிப் பூசும் முறை 1990-களில் வேரூன்றியது. 2019-இல் வெளியான ஒய்6 என்னும் ஏற்புப் பொருள் 15.7 விழுக்காட்டை எட்டியது. கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்புக் கதிரை அது நன்றாக உறிஞ்சுவதால், அதைக் கொண்டு ஒளி ஊடுருவும் கலமும் செய்ய முடிகிறது.

ஆயுள்தான் என் கவலை. ஈரமும் ஆக்சிஜனும் புற ஊதாக் கதிரும் இப்பொருள்களைச் சிதைக்கின்றன. சரியாக மூடி ஒட்டாத மாதிரிக் கலம் ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கெட்டுவருவதை ஆய்வகத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன். சிலிக்கானுக்குத் தரும் 25 ஆண்டு உத்தரவாதத்தை இதற்கு இன்று எதிர்பார்க்க வேண்டாம்.

மேலப்பாளையம் மின்பணி:
ஒளி ஊடுருவும் கலத்துக்குத் திறன் 8 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், முழு வெயில் நேராக விழும்போதுகூட உங்கள் சன்னல் 160 வாட்டுக்கு மேல் தராது. மேற்குச் சுவர் என்பதால் உச்சிவேளை வரை ஏறக்குறைய ஒன்றும் கிடைக்காது. இரண்டு மின்விசிறிகளுக்காக அவ்வளவு செலவு செய்வதை என்னால் பரிந்துரைக்க இயலாது. புறவாசலில் காங்கிரீட் தளம் போட்ட தொழுவமோ குளியலறையோ இருந்தால், அதன்மேல் 540 வாட் சிலிக்கான் பலகைகள் இரண்டை வையுங்கள். ஒவ்வொன்றும் 25 கிலோவுக்கு மேல் இருக்கும் என்பதால் தளத்தை முதலில் சோதித்துவிடுங்கள்.

பொருநைக்கரை:
இருவருக்கும் நன்றி. தொழுவத்துத் தளத்தின்மேல் தென்னை நிழல் காலை பத்து மணிக்கே விலகிவிடுகிறது. நாளை கொத்தனாரை அழைத்துக் காட்டுகிறேன். சன்னலுக்கு இந்தக் கோடையில் வெட்டிவேர்த் தட்டியே கட்டிக்கொள்கிறோம்.