ஞாயிறு வானொலியில் ஒரு மணிநேர நாடகம் வேண்டுமா, கால்மணிநேரத் தொடர் போதுமா?

கொட்டியாரக்குடா:
இலங்கைத் தேசிய வானொலியின் தமிழ்ச் சேவையில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுக்கப் பேச்சுக்கும் நாடகத்துக்கும் ஒதுக்கினால் எப்படி அடுக்கலாம் என்பதுதான் கேள்வி. என் அடுக்கு இது. காலை 7 மணிக்கு 12 நிமிட உரை, அதையடுத்து நூல் விமர்சனம். 10 மணிக்குச் சிறுவர் நாடகம், 11 மணிக்கு மூவர் கலந்துரையாடல். பிற்பகல் 2 மணிக்கு ஒரு மணிநேரத் தனி நாடகம், இரவு கவியரங்கம்.

இதில் நான் விட்டுக்கொடுக்காதது 2 மணி நாடகம். மதியச் சாப்பாடு முடிந்து வீடு அடங்குகிற நேரம் அது. கதையைத் தொடங்கி, முறுக்கி, அவிழ்த்துக் காட்ட ஒரு மணிநேரம் வேண்டும். பிபிசி ரேடியோ 4 ஞாயிறு பிற்பகலில் அந்த அளவு நாடகத்துக்கு இடம் வைத்திருக்கிறது. 1925 டிசம்பர் 16 இல் கொழும்பில் ஒலிபரப்புத் தொடங்கிய நாடு நாங்கள். எங்களுக்கும் அது கட்டும்.

ஒலிமேசை:
அண்ணன், 10 மணிச் சிறுவர் நாடகத்தை முதல்ல மாத்துங்கோ. ஞாயிறு காலமை பிள்ளையள் அறநெறிப் பாடசாலையில. வேதக்காரப் பிள்ளையள் பூசையில, மிச்சப் பேர் டியூசன்ல. பின்னேரம் 4 மணிக்குப் போட்டாத்தான் கேட்க ஆள் இருக்கும்.

இனி உங்கட ஒரு மணிநேரம். செய்தியும் அறிவிப்பும் போக 56 நிமிசம் மிஞ்சும். இடைவெளியும் ஒலிக்குறிப்பும் சேர்த்து நிமிசத்துக்கு 90 சொல் எண்டு வச்சா 5,000 சொல் பிரதி வேணும். ஒரு நாள் எல்லாரும் இருந்து பிரதி வாசிப்பு, ஒரு நாள் ஒத்திகை, ஒரு முழு நாள் ஒலிப்பதிவு, பிறகு ரெண்டு நாள் தொகுப்பு. கிழமைக்கு ஒண்டு எண்டு செய்யேலாது. செய்தா ஒத்திகையைத்தான் வெட்டுவினம். ஒத்திகை இல்லாத நாடகம் பிரதியை வாசிக்கிற மாதிரியே கேக்கும்.

13 நிமிசத் தொடர் எண்டா அதே நடிகர், அதே வீடு, அதே கதவு. ஒரு நாளில நாலு அங்கம் பதியலாம். நீங்கள் சொன்ன அதே பிபிசி, 1951 இலிருந்து ‘த ஆர்ச்சர்ஸ்’ தொடரை நாடு முழுக்கச் சிறு அங்கங்களாகத்தான் குடுக்குது. ஞாயிறில அந்தக் கிழமை அங்கங்களை ஒண்டாச் சேர்த்துப் போடுறது. தொடங்கினபோது விவசாயிகளுக்குத் தகவல் சொல்லுறதும் அதுக்கு ஒரு நோக்கம். எங்களுக்கு வேண்டிய வழி அதுதான்.

கிண்ணியாக் கரை:
நேரக் கணக்கை விட, கேட்கிறவருக்கு ஆள் விளங்குதா என்பது பெரிய விசயம். மேடையில் உடுப்பும் முகமும் ஆளைக் காட்டும். வானொலியில் குரலும் பேச்சுவழக்கும்தான். ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்ற நகைச்சுவை நாடகம் வானொலியில் தொடங்கி 1976 இல் ‘கோமாளிகள்’ படமாகுமளவுக்கு ஏன் பிடித்தது? யாழ்ப்பாணத் தமிழ், முஸ்லிம்கள் பேசும் தமிழ், சிங்களவர் பேசும் தமிழ் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வழக்கு. வாய் திறந்த உடனே ஆள் தெரிந்தது.

திருகோணமலையை வைத்து எழுதுகிறவர்களுக்கு இது கையிலிருக்கும் மூலதனம். கிண்ணியா நானாவும் தம்பலகாமத்து வயல்காரரும் நகரத்துக் கடைக்காரரும் ஒரே மாதிரிப் பேசுவதில்லை. ஆனால் எல்லாருக்கும் ஒரே ‘வானொலித் தமிழ்’ கொடுத்தால் ஒரு காட்சியில் மூன்று ஆண்குரல் வந்தவுடன் குழப்பம்தான். ஒரு மணிநேர நாடகத்துக்கும் முக்கிய பாத்திரம் ஆறுக்கு மேல் வேண்டாம். காட்சியின் முதல் இரண்டு வசனத்துக்குள் ஒருவர் மற்றவரைப் பெயரோ முறையோ சொல்லிக் கூப்பிட வேண்டும். பேசாமல் நிற்கிற பாத்திரத்தைக் கேட்கிறவர் அரை நிமிடத்தில் மறந்துவிடுவார். இடையில் ஒரு “ம்” ஆவது போட வேண்டும்.

கொட்டியாரக்குடா:
சிறுவர் நாடகம் 4 மணிக்கு. சரி, ஒப்புக்கொள்கிறேன். தொடர் விசயத்தில் இல்லை. 13 நிமிடத்தில் முன்கதைச் சுருக்கம் 40 விநாடி, குறியிசையும் பெயர் அறிவிப்பும் ஒரு நிமிடம். மிச்சத்தில் ஒவ்வொரு அங்கத்தையும் ஒரு திடுக்கிடலில் நிறுத்த வேண்டும். குடும்பக் கதைக்கு அது ஒத்துவரும். மெதுவாக உடைந்துபோகிற ஒரு மனிதனின் கதையை அப்படித் துண்டு போட்டால் அழுகையும் அதிர்ச்சியும்தான் மிஞ்சும். கிழமைக்கு ஒன்று கஷ்டம் என்றால் மாதத்துக்கு ஒன்று. நீளத்தைக் குறைக்க வேண்டாம்.

சுளகு:
ரெண்டு பேரும் நீளத்தைப் பற்றியே கதைக்கிறியள். ஒலிக்குறிப்புப் பிழைச்சா 13 நிமிசமும் நீளம்தான்.

கடற்கரைக் காட்சிக்கு உப்புவெளியில போய் அலையைப் பதிஞ்சு கொண்டுவந்து அப்பிடியே போடுறவை இருக்கினம். சின்ன ஸ்பீக்கர்ல அது அலை இல்ல, மழை. இல்லாட்டி நிலையம் சரியா எடுபடாத இரைச்சல். காரணம், நேரடிப் பதிவில அலைக்கும் அலைக்கும் இடையில ஓய்வு இல்லாம இரைச்சல் நிரம்பிக் கிடக்கும். காது அலையெண்டு பிடிக்கிறது அந்த ஓய்வை வச்சுத்தான். சுளகில ரெண்டு கைப்பிடி பயறு போட்டு, ஒரு பக்கம் மெல்லச் சரிச்சு, நிப்பாட்டி, மற்றப் பக்கம் சரியுங்கோ. ஒரு சரிவுக்கு நாலு விநாடி, நிறுத்தம் ரெண்டு விநாடி. மைக் சுளகுக்கு ஒரு முழம் மேல. அரிசியை விடப் பயறு நல்லது. அரிசி கீச்செண்டு கேக்கும். முதல் அஞ்சு விநாடி தெளிவாக் கேக்க விட்டு, பேச்சு தொடங்கினதும் பாதிக்குக் கீழ இறக்குங்கோ. காட்சி முழுக்க ஓட விடவேண்டாம். இடம் ஒருக்கா மனசில விழுந்தாப் போதும்.

பிரதித் தாளும் கவனம். ஒரு பக்கம் மட்டும் அச்சடியுங்கோ. பின் குத்தவேண்டாம். வசனம் அடுத்த தாளுக்குப் பாயக்கூடாது. வாசிச்ச தாளைப் பின்னால செருகாம பக்கத்தில மெத்துணி விரிச்சு அதில விடுங்கோ. தாள் சரசரப்பைத் தொகுப்பில எடுக்கவே ஏலாது, அது குரலுக்கு மேலயே இருக்கும்.

ஒலிமேசை:
சுளகு அக்கா சொன்னதோட இதையும் சேர்க்கிறன். கைபேசி ஸ்பீக்கர்ல 300 ஹேர்ட்ஸுக்குக் கீழ ஒண்டும் பெரிசா வராது. இடி, தூரத்து லொறி, கனமான காலடி எல்லாம் ஸ்டூடியோவில அருமை, குசினியில இல்லை. மத்திய அலையில எண்டா மறுபக்கம் வெட்டு, 4.5 கிலோஹேர்ட்ஸ் அளவுக்கு மேல போறது இல்ல, ‘ஸ’வும் ‘ஷ’வும் மங்கும். அதால காலடிக்கு ஈரமண்ணை விடச் சரளைக்கல். முக்கிய தகவலை முணுமுணுப்பில வைக்காதேங்கோ. ரகசியம் பேசுறவர் மைக்குக்கு ஒரு சாண் கிட்ட வரட்டும், கத்துறவர் ரெண்டடி பின்வாங்கி முகத்தைத் திருப்பட்டும். ஆகக் கூடினதுக்கும் குறைஞ்சதுக்கும் வித்தியாசம் 10 டெசிபலுக்குள்ள நிண்டா அடுப்படியில தாளிக்கேக்கயும் கேக்கும்.

ஒண்டு எனக்கு ஆறாத விசயம். சிற்றலையில உலகத்துக்கு அஞ்சல் செய்யிறதுக்கு ஜேர்மன் வானொலி டொய்ச்ச வெல்ல தேடி வந்து நிலையம் போட்ட ஊர் திருகோணமலை. அப்பிடிப்பட்ட ஊரில எங்கட பேச்சை வச்சு ஒரு நாடகம் எழுத ஆளைத் தேடவேண்டிக் கிடக்கு.

தம்பலகாமம்:
உரைகளை ஒருவரும் தொடவில்லை. ஞாயிறு ஒட்டாமல் போவது அங்கேதான். 12 நிமிட உரை என்றால் ஏறத்தாழ 1,100 சொல். அச்சுக்கு எழுதின கட்டுரையை அப்படியே வாசிக்கக் கூடாது. ஒரு வாக்கியத்துக்கு ஒரு எண்ணுக்கு மேல் வேண்டாம். எழுவாயும் வினைமுற்றும் பத்துச் சொல்லுக்குள் சந்திக்க வேண்டும். இல்லாவிட்டால் கேட்கிறவர் திரும்பிப் போய் வாசிக்க முடியாது. உரைக்குப் பின்னால் விமர்சனம் வைத்திருக்கிறீர்கள், அண்ணன். தனிக்குரலுக்குப் பின் இன்னொரு தனிக்குரல். கலந்துரையாடலை அங்கே கொண்டுவந்து, விமர்சனத்தை 11க்குத் தள்ளுங்கள்.

மரண அறிவித்தல் நேரத்தையும் மறக்க வேண்டாம். அதற்கென்றே வானொலியைத் திறக்கிற வீடுகள் இருக்கின்றன. நாடகத்தின் நடுவில் அது விழக் கூடாது. முடிந்தவுடனே நகைச்சுவை நாடகமும் கூடாது.

கொட்டியாரக்குடா:
கலந்துரையாடல் முன்னுக்கு வரட்டும், தங்கச்சி சொன்னது சரி. அப்ப மாதத்தின் கடைசி ஞாயிறு 2 மணிக்கு முழு நாடகம், மற்ற ஞாயிறுகளில் அந்தக் கிழமைத் தொடரின் தொகுப்பு.

ஒலிமேசை:
மாதத்துக்கு ஒருக்கா வாறதை ஆக்கள் நினைவில வைக்கமாட்டினம், அண்ணன். அதில எனக்கு இன்னும் உடன்பாடில்ல. போடுறதெண்டா முந்தின ரெண்டு கிழமையும் தொடரின்ர கடைசியில அந்த நாடகத்தின்ர 30 விநாடியை வையுங்கோ, திகதியைச் சொல்லி.