ஓமலூர்–ஓசூர் ஒற்றைப் பாதையில் சரக்கு ரயில்களைப் படமெடுப்பது எப்படி?

பாலக்கோட்டுவாசி:
வணக்கம். பாலக்கோட்டுக்கும் மாரண்டஅள்ளிக்கும் இடையே வயலோரங்களில் நின்று சரக்கு ரயில்களைப் படமெடுத்து வருகிறேன். விரைவு ரயில்களுக்கு நேர அட்டவணை இருக்கிறது. கூட்ஸ் வண்டிக்கு அப்படி எதுவும் இல்லாததால் காத்திருப்பதிலேயே பொழுது போய்விடுகிறது. வண்டி வந்தாலும் முகப்பு விளக்கால் என்ஜினின் முகம் வெளுத்துவிடுகிறது. மின்கம்பங்களும் குறுக்கே வந்து நிற்கின்றன. எங்கே, எந்த வேளையில் நிற்கலாம்? அனுமதி தேவையா?

தொப்பூர்க் கணவாய்:
இது ஒற்றைப் பாதை என்பதே உங்களுக்குச் சாதகம். எதிரெதிரே வரும் வண்டிகள் நிலையங்களில் மட்டுமே ஒன்றையொன்று கடக்க முடியும் என்பதாலும், பொதுவாகப் பயணிகள் வண்டிக்கே முன்னுரிமை தரப்படுவதாலும், கூட்ஸ் வண்டியை லூப் லைனில், அதாவது நிலையத்தில் பிரிந்து மீண்டும் சேரும் பக்கப் பாதையில், ஒதுக்கி நிறுத்துவது வழக்கம். ஆகவே விரைவு ரயில் வரும் நேரத்துக்குச் சற்று முன்னதாகவே நிலையத்தின் அருகே சென்றுவிட்டால், நிற்கும் வண்டியையும் அது பாரத்தோடு மெல்ல நகர்ந்து வேகமெடுப்பதையும் நிதானமாக எடுக்க வாய்ப்பு உண்டு.

ஓமலூரிலிருந்து இராயக்கோட்டை வரை பாதை ஏறத்தாழத் தெற்கு வடக்காகச் செல்வதால், காலையில் கிழக்குப் புறமும் மாலையில் மேற்குப் புறமும் நின்றால் வெயில் வண்டியின் மேல் நேராக விழும். ஒற்றைப் பாதையில் மின்கம்பங்கள் பெரும்பாலும் ஒரு பக்கமாகவே நடப்பட்டிருக்கும். கம்பமில்லாத பக்கத்தில் எந்த வேளையில் வெயில் விழுகிறதோ, அந்த வேளைக்கு அந்த இடத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஷட்டர் வேகம் 1/800 விநாடி போதும். முகப்பு விளக்குக்காக ஒளியளவை ஒரு ஸ்டாப் (அதாவது பாதியாக) குறைத்து, கேமரா சுருக்காமல் பதியும் ரா (RAW) கோப்பாக எடுத்தால், இருண்ட பகுதிகளைப் பிறகு மீட்டுக்கொள்ளலாம்.

என்ஜினை மட்டும் நெருக்கி எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மேலே திறந்திருக்கும் பாக்ஸ்-என் (BOXN) வகை வேகன்கள் 58 கொண்ட ரேக், அதாவது முழு வேகன் தொடர், 600 மீட்டரைத் தாண்டும். அந்த நீளத்தைக் காட்டாத படம் சரக்கு ரயிலைக் காட்டியதாகாது. தொப்பூருக்கும் சிவாடிக்கும் இடையில் மலையோரமாகப் பாதை வளையும் பகுதியை, தொலைவிலுள்ள மேட்டு நிலத்திலிருந்து எடுத்துப் பாருங்கள்.

கேட்டருகே:
மேலே உள்ள யோசனையோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மலைப் பகுதியில் பாறையை வெட்டிப் போட்ட பாதைக்குள் இறங்கவே வேண்டாம். 2021 நவம்பரில் அங்கேதான் பாறைகள் சரிந்து கண்ணூர்–யஸ்வந்த்பூர் விரைவு ரயில் தடம் புரண்டது. ரயில்வே இடத்தில் அத்துமீறி நுழைந்தால், 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். நிலையத்துக்குள் எடுப்பதாக இருந்தால் ஸ்டேஷன் மாஸ்டரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் ஓடுவதால், கேமரா பொருத்திய நீளக் கோலைப் பாதையருகே உயர்த்தவே கூடாது.

பாலக்கோட்டுவாசி:
மிக்க நன்றி. நின்றிருக்கும் வண்டியில் வேறு எதைக் கவனிக்கலாம், ஐயா?

தொப்பூர்க் கணவாய்:
வேகனின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் பதினோரு இலக்க எண்ணை அவசியம் எடுங்கள். முதல் இரண்டு இலக்கங்கள் வேகனின் வகை, அடுத்த இரண்டு அதற்கு உரிய ரயில்வே, ஐந்தாவதும் ஆறாவதும் அது கட்டப்பட்ட ஆண்டு. சக்கரங்களுக்கு இடையே உள்ள சுருள்வில்கள் நெருங்கி அமுங்கியிருந்தால் பாரம் ஏறியிருக்கிறது, இடைவெளி விட்டு நின்றால் காலி வேகன். படத்தோடு தேதி, இடம், என்ஜின் எண் ஆகியவற்றையும் குறித்துவையுங்கள். மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-இல் வந்த குறுகிய அகல ரயில் பாதை, உலகப் போர்க் காலத்தில் 1941-இல் மூடப்பட்டது. அதில் ஓடிய சரக்கு வண்டியின் படம் ஒன்றையாவது பார்க்க வேண்டும் என்று எனக்குத் தீராத ஆசை, இதுவரை கிடைக்கவில்லை. படமே இல்லாமல் போகும் அந்தக் கதி இன்றைய வண்டிகளுக்கும் நேரக் கூடாது.

பொம்மிடிக்காரர்:
அதிக வண்டிகள் வேண்டுமென்றால் மொரப்பூர், பொம்மிடி பக்கம் வாருங்கள். அது சேலம்–ஜோலார்பேட்டை இரட்டைப் பாதை. அங்கே வண்டிகள் வேகமாகப் போகும் என்பதால் ஷட்டரை 1/1000-க்கு மேல் வையுங்கள்.