செயற்கை மூட்டைச் சுற்றி எலும்பு வளர்க்க வளர்ச்சிக் காரணிகளைப் பயன்படுத்தலாமா?

மாறன்: செயற்கை இடுப்பு மூட்டு தளர்ந்து மறு அறுவைக்கு வருபவர்களிடம், இடுப்புக் குழியில் பொருத்தும் புதிய கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ளப் போதிய எலும்பு பல நேரங்களில் எஞ்சியிருப்பதில்லை. தாது நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்தால் அங்கேயும் எலும்பு உருவாகும் என்று 1965இல் மார்ஷல் யூரிஸ்ட் காட்டினார். அதற்குக் காரணமானவை பிஎம்பி எனப்படும் வளர்ச்சிக் காரணிப் புரதங்கள்; அவற்றில் பிஎம்பி-2 இன்று மருந்தாகவே கிடைக்கிறது. காலெலும்பு முறிந்து தோலும் கிழிந்த (திறந்த முறிவு) 450 பேரிடம் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், மில்லிலிட்டருக்கு 1.5 மில்லிகிராம் பிஎம்பி-2 பெற்றவர்களுக்கு மறு சிகிச்சை தேவைப்படும் அபாயம் 44 சதவீதம் குறைந்தது. இந்த உதவியை மூட்டு நோயாளிகளுக்கு மட்டும் ஏன் மறுக்க வேண்டும்?

செல்வி: மாறன் அவர்களே, முறிந்த காலெலும்பின் நிலை வேறு, தொடையெலும்பினுள் செருகிய உலோகத் தண்டைச் சுற்றி நெருக்கி அடைக்கப்பட்ட ஒட்டெலும்புத் துகள்களின் (குறையை நிரப்ப வைக்கும் எலும்புத் துகள்களின்) நிலை வேறு. பிஎம்பி எலும்பை ஆக்கும் செல்களை மட்டும் தூண்டுவதில்லை. அச்செல்கள் வெளியிடும் சமிக்ஞைகளின் வழியாக எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களும் விழித்துக்கொள்கின்றன. நோயாளியின் எடையைத் தாங்க வேண்டிய துகள்கள், புதிய எலும்பு உருவாகும் முன்பே கரைந்துவிட்டால், தண்டு கீழே இறங்கிவிடும். ஒட்டெலும்புடன் அதே வகைப் புரதமான பிஎம்பி-7 கலந்து இடுப்பு மறு அறுவை செய்யப்பட்டவர்களை ஐந்தாண்டுகள் கண்காணித்து, 2006இல் ஆக்டா ஆர்த்தோபீடிகா இதழில் வெளியான ஆய்வு, கிண்ணத்தின் பிடிமானமோ தண்டின் பிடிமானமோ மேம்படவில்லை என்றே முடித்தது.

மாறன்: அந்த ஆய்வில் மருந்து பெற்றவை 10 கிண்ணங்களும் 11 தண்டுகளும் மட்டுமே என்பதையும் சொல்ல வேண்டும். நீங்கள் கூறும் கரைதலுக்கு மாற்று வழி உண்டு: பிஎம்பியுடன் ஸோலெட்ரோனிக் அமிலம் போன்ற பிஸ்பாஸ்போனேட்டை (எலும்பு கரைவதைத் தடுக்கும் மருந்தை) சேர்த்த விலங்கு ஆய்வுகளில், உருவான எலும்பு கரையாமல் நின்றது. நாய்களில், டிஜிஎஃப்-பீட்டா என்ற மற்றொரு வளர்ச்சிக் காரணி பூசிய நுண்துளை டைட்டானியத்தினுள் எலும்பு கூடுதலாக ஊடுருவியதும் பதிவாகியுள்ளது.

கதிரவன்: இருவரும் தொடாத ஒன்று உண்டு. எலும்புக்கும் உலோகத்துக்கும் இடையே 150 மைக்ரோமீட்டருக்கு மேல் அசைவு இருந்தால், அங்கே எலும்புக்குப் பதிலாக நார்த்திசுவே உருவாகும். அறுவை மேசையிலேயே உறுதியாக அமராத மூட்டை எந்தப் புரதத்தாலும் காப்பாற்ற முடியாது.

செல்வி: கதிரவன் சொல்வதே முதல் நிபந்தனை. மாறன் அவர்கள் காட்டும் நாய் ஆய்வுகளை நான் மதிக்கிறேன். ஆனால் முதுகெலும்புகளை இணைக்கும் அறுவையில் நடந்ததை மறக்க இயலாது. அங்கே பிஎம்பி-2 அனுமதிக்கப்பட்ட எல்லைக்கு வெளியேயும் பரவலாகப் பயன்படுத்தப்பட்டது. கழுத்தில் பயன்படுத்தியபோது உயிருக்கு ஆபத்தான வீக்கம் ஏற்பட்டதாக 2008இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரித்தது. யேல் பல்கலைக்கழகத்தின் ஏற்பாட்டில் தரவுகளைத் தனித்தனியே ஆராய்ந்த இரு குழுக்கள், நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்தே எடுத்து வைக்கும் ஒட்டைவிட பிஎம்பி-2க்குத் தெளிவான மேன்மை இல்லை என்று 2013இல் அறிவித்தன. செயற்கை மூட்டில் அதே வரிசை திரும்பக் கூடாது.

மாறன்: பரவலாகப் பயன்படுத்த வேண்டும் என்று நான் கோரவில்லை. மூட்டு நகர்வை மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு அளவிலும் அறியக்கூடிய ஊடுகதிர் அளவீட்டுடன், பிஸ்பாஸ்போனேட் சேர்த்தும் சேர்க்காமலும் ஒப்பிடும் ஆய்வையே கேட்கிறேன்.

செல்வி: அப்படியானால் மூன்றாவது குழு ஒன்றும் வேண்டும்: பிஎம்பி இல்லாமல் பிஸ்பாஸ்போனேட் மட்டும் பெறுபவர்கள். அந்தக் குழு இல்லாவிட்டால், நன்மை எந்த மருந்தால் வந்தது என்று சொல்ல முடியாது.