பி.எல்.ஏ. மூடி சூட்டில் தொய்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்கில் வார்த்துவந்த திருகுமூடி ஒன்றைத் தாவரச் சர்க்கரையிலிருந்து தயாராகும் பி.எல்.ஏ. என்ற மக்கும் பிளாஸ்டிக்குக்கு மாற்றிப் பார்க்கிறோம். அச்சிலிருந்து வரும்போது பளிச்சென்று அழகாகத்தான் இருக்கிறது; 60 டிகிரி செல்சியஸை நெருங்கியதும் விளிம்பு தொய்ந்து, மரை பிடிக்காமல் போகிறது. பிளாஸ்டிக் குருணையை நன்றாக உலர்த்திய பிறகே போடுகிறோம், ஆகவே ஈரத்தின் மீது பழி போட முடியாது.

டால்க் என்ற கனிமத் தூளைக் கலந்து, அச்சை 100 டிகிரியை ஒட்டிச் சூடாக வைத்தால் படிகமாகி வெப்பம் தாங்கும் என்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு வார்ப்புக்கும் நேரம் நீளுமே! செய்து பார்த்தவர்கள் உண்டா? டால்க் எத்தனை சதவீதம், அச்சில் எத்தனை விநாடி விட்டீர்கள்?

ஆமணக்கு எண்ணெயிலிருந்து வரும் நைலான் 11 தாங்கும், தெரியும். வெறும் மூடிக்கு அது யானை விலை குதிரை விலை. 'மக்கும் பிளாஸ்டிக்கே ஏமாற்று' என்ற விவாதத்தைத் தயவுசெய்து இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.