கிரைகைட்டா, பிர்ரோடைட்டா? களிப்பாறை மாதிரி, உதவி தேவை

வணக்கம். கருநிறக் களிப்பாறையில் உள்ள இரும்பு சல்ஃபைடு கனிமங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஓர் இடத்தில் சிக்கி நிற்கிறது. மெருகேற்றிய துண்டை எதிரொளி நுண்ணோக்கியில் வைத்தால் பைரைட் பளிச்சென்று தெரிகிறது, ராஸ்பெரிப் பழம் மாதிரி நுண்மணிகள் திரண்ட உருண்டைகளாக, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பைரைட் காந்தத்தில் ஒட்டாது, இந்தப் பாறையை அரைத்த தூளில் கொஞ்சம் ஒட்டுகிறதே! காந்தத்தன்மையுள்ள இரும்பு சல்ஃபைடுகளான கிரைகைட், பிர்ரோடைட் இரண்டில் எது இது என்பதுதான் கேள்வி.

மேக்னடைட் (காந்தத்தன்மையுள்ள இரும்பு ஆக்சைடு) என்றால் 580 டிகிரி செல்சியஸ் வரை காந்தம் தாங்கியிருக்கும். இதில் நிலைத்த காந்தம் 320-க்குள்ளேயே கரைந்துவிடுகிறது. பிர்ரோடைட்டின் க்யூரி வெப்பநிலையும் (நிலைத்த காந்தம் மறையும் வெப்பநிலை) அதுதான், கிரைகைட் சிதைவதும் ஏறக்குறைய அங்கேதான், அப்புறம் எப்படிப் பிரிப்பது? 400-ஐத் தாண்டினால் பைரைட்டே சிதைந்து புது மேக்னடைட்டை உண்டாக்கிக் குழப்புகிறது, அந்தப் பக்கம் போக விருப்பமில்லை.

30 கெல்வினை ஒட்டி பிர்ரோடைட்டில் ஒரு காந்த மாற்றம் உண்டு, கிரைகைட்டில் கிடையாது என்பது தெரியும். அவ்வளவு குளிர்விக்கும் கருவிதான் எனக்கு எட்டாது. கனிமங்களை அடையாளம் காட்டும் எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுப் படத்தில் பைரைட்டின் உச்சிகள் மற்றதையெல்லாம் அமுக்கிவிடுகின்றன.

காந்தத்தால் பிரித்தெடுத்த பிறகு எக்ஸ்-கதிரில் வைத்து யாராவது கிரைகைட்டைப் பிடித்திருக்கிறீர்களா? எவ்வளவு நுண்ணியதாக அரைத்தீர்கள்? தண்ணீரில் பிரித்தால் ஆக்சிஜன் பட்டு மாறிவிடுமோ என்று பயம், ஆல்கஹாலில் செய்தால் போதுமா, இல்லை நைட்ரஜன் சூழல் கட்டாயமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், நுண்ணோக்கிப் படங்கள் வேண்டுமென்றால் கீழே போடுகிறேன்.